நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவே

குழந்தைகளுக்காக வேலையை விட்ட பெண்கள் மறுபடி வேலைக்குக் கிளம்பும்போது வழியை மறிப்பது எது? காரைக்குடியிலிருந்து ஒரு பார்வை

காரைக்குடியில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் செக்காலை ரோட்டுப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேனும் ஆட்டோவும் சைக்கிளும் ஸ்கூட்டியுமாக அடைத்துக்கொண்டு நிற்கும். பிள்ளைகளை அழைத்துப்போக வந்தவர்களில் ஐயாக்களும் அப்பத்தாக்களும் கொஞ்சம் பேர். மற்றவர்கள் அம்மாக்கள். துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு, ஸ்டாண்டு போடாமலேயே வண்டியில் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சுக் கொடுத்தால் எம்.எஸ்சி. வேதியியல் என்பார் ஒருவர், பி.இ. என்பார் இன்னொருவர், எம்.காம். முடித்து ஆடிட்டர் ஆபீசில் இருந்ததாகச் சொல்வார் மற்றொருவர். அடுத்து வரும் பேச்சு மட்டும் எல்லாரிடமும் ஒன்றுபோல இருக்கும்: "பெரியவ பொறந்தப்புறம் வேலையை விட்டுட்டேங்க."

இவர்களில் பலர் இப்போது மறுபடி வேலைக்குப் போக நினைக்கிறார்கள். வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் ஒரு சம்பளத்தில் அடங்கவில்லை என்பவர்கள் உண்டு. படித்த படிப்பு கண்ணெதிரே வீணாகிறதே என்று தூக்கம் கெடுபவர்களும் உண்டு. இவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே 'தன்னம்பிக்கை வேண்டும்', 'துணிந்து இறங்க வேண்டும்' என்று அந்தப் பெண்களுக்கே புத்தி சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. துணிச்சலுக்கு அவர்களிடம் குறைவில்லை. பள்ளி நாலு, நாலேகாலுக்கு விட்டுவிடுகிறது. வேலை ஆறு மணிக்குத்தான் விடுகிறது. நடுவில் கிடக்கும் அந்த இரண்டு மணி நேரம் பிள்ளை யாரிடம் இருக்கும் என்ற கேள்விக்கு இந்த ஊரில் பதில் இல்லை. நான் கேட்டறிந்த வேலை முயற்சிகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் நின்றுபோயின.

ஒரு சாதாரண வயதுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 22 வயதில் ஒரு பெண் எம்.எஸ்சி. முடிக்கிறாள். இரண்டு வருடம் வேலை. 24-ல் கல்யாணம், 26-ல் முதல் குழந்தை, 29-ல் இரண்டாவது. சின்னவன் ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது அவளுக்கு வயது 35. அரசு ஓய்வு வயதான 60-ஐ அளவாக வைத்துக்கொண்டால் இன்னும் 25 வருடம் உழைக்கும் காலம் அவள் கையில் இருக்கிறது. பெற்றதும் வளர்த்ததும் சேர்த்துப் போனது 9 வருடம்தான். ஆனாலும் அந்த 35-ல் எத்தனையோ கதவுகள் சாத்திக்கொள்கின்றன. டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் பொதுப் பிரிவினருக்குப் பல பதவிகளின் உச்ச வயது 32. மற்றப் பிரிவினருக்குப் பட்டம் இருந்தால் பல பதவிகளுக்கு வரம்பே இல்லை என்பது இந்த மாநிலத்தின் பெரிய ஆறுதல். தனியார் நிறுவனங்கள் வயதை எழுத்தில் போடுவதில்லை. 'புதிதாகப் படித்து முடித்தவர்' வேண்டுமென்பார்கள், அல்லது 'தற்போது பணியில் இருப்பவர்' வேண்டுமென்பார்கள். இவள் இரண்டிலும் சேராதவள்.

மூன்று வருஷக் கணக்கு

வேலையில் இடைவெளி என்பதைக் கண்டு மிரள செட்டிநாட்டுக்கு நியாயமே இல்லை. இந்த மண்ணின் செல்வமே இடைவெளி விட்டு விட்டுப் பார்த்த வேலையில் வந்ததுதான்.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன நகரத்தார் ஆண்கள் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தார்கள். ஒரு தடவை போனால் பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. கணக்கு முடிந்ததும் கடையை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறி ஊர் திரும்புவார்கள். இங்கே வீடு கட்டுவார்கள், கல்யாணம் காட்சி பார்ப்பார்கள், பிள்ளை முகத்தை முதன்முதலாகப் பார்ப்பவர்களும் உண்டு. சில மாதங்களோ அதற்கு மேலோ கழித்து அடுத்த கணக்குக்குக் கிளம்புவார்கள். ஊரில் இருந்த காலத்தைக் குறையாக எண்ணி யாரும் சம்பளம் குறைத்ததாகக் கேள்வியில்லை. போன கணக்கில் கடையை எப்படி நடத்தினான், வராக்கடன் எவ்வளவு என்பதைத்தான் விசாரித்தார்கள்.

அவர்கள் அங்கே இருந்த காலமெல்லாம் ஊரை ஓட்டியவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்களான ஆச்சிகள். ஒரே வீட்டுக்குள் கல்யாணமான மகன் ஒவ்வொருவனுக்கும் தனி வேவு, அதாவது தனிச் சமையல், தனிக் கணக்கு. முகப்பில் வருகிறவர்களைக் கவனிப்பதும், தங்கள் பெயரில் உள்ள பணத்தை வட்டிக்கு விட்டு வளர்ப்பதும், பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசுவதும் அவர்கள் பொறுப்பில் நடந்தன. கணவன் கடல் கடந்து இருக்கும்போது தனியாகப் பிள்ளை வளர்த்து, நிர்வாகமும் செய்த பெண்களின் ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் பிள்ளை வளர்த்த ஒன்பது வருடத்தை வெற்றிடமாகப் பார்க்கும் வழக்கம் எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தக் காலத்தில் கிளம்பும்போதே திரும்பும் தேதி பேச்சில் இருந்தது. ஓய்வுக்கு ஊர் வரும்போதே அடுத்த கணக்குக்கான வழியும் திறந்திருந்தது. இன்றைக்கு வேலையை விடும் பெண் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வருகிறாள். அந்தக் கடிதத்தில் திரும்பும் தேதி கிடையாது. நிறுவனமும் கேட்பதில்லை, வீட்டிலும் யாரும் கேட்பதில்லை. குழந்தை கொஞ்சம் வளரட்டும் என்பதோடு பேச்சு முடிகிறது. பிறகு பத்து வருடம் கழித்துத் தனியாக அவளே போய்க் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

படிக்க வைத்த ஊர்

காரைக்குடிக்குப் பெண்களைப் படிக்க வைப்பதில் குறையே சொல்ல முடியாது. வள்ளல் அழகப்பர் 1947-ல் கலைக்கல்லூரியைத் தொடங்கினார். 1952-ல் பொறியியல் கல்லூரி வந்தது. அவர் தந்த 300 ஏக்கரிலும் 15 லட்சம் ரூபாயிலும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நம் ஊர்க்காரர்கள் வாயில் 'செக்ரி', எழுந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. உமையாள் ராமநாதன் மகளிர் கல்லூரி இங்கே, பள்ளத்தூரில் சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி. புதுவயல், தேவகோட்டை, கல்லல் என்று சுற்றுப்பட்டுக் கிராமங்களின் பெண் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து பட்டம் வாங்கிப் போகும் ஊர்.

அந்தச் செக்ரியில் விஞ்ஞானியாகச் சேர்ந்த ந. கலைச்செல்வி, 2019-ல் அதன் முதல் பெண் இயக்குநர் ஆனார். 2022 ஆகஸ்டில், செக்ரியைப் போல நாடு முழுவதும் உள்ள சிஎஸ்ஐஆர் (அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம்) ஆய்வகங்களுக்கெல்லாம் தலைமை இயக்குநராக நியமிக்கப்பட்டார். 1942-ல் தொடங்கிய அந்த அமைப்புக்கு அதுவரை ஒரு பெண் தலைமை தாங்கியதில்லை. அம்பாசமுத்திரத்தில் பிறந்து தமிழ் வழியில் படித்தவர். அவர் வேலையை விட்டுத் திரும்பியவர் அல்லர், தொடர்ந்து இருந்தவர். தொடர்ந்து இருக்க முடிந்தால் ஒரு பெண் எதுவரை போகலாம் என்பதை இந்த ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது.

தொடர்ந்து இருப்பதற்கு வழி செய்வது எப்படி என்பதும் அதே வளாகத்தில் இருக்கிறது. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு 730 நாள். பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை தேவைப்படும்போது பிரித்துப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். காய்ச்சலுக்கும் எடுக்கலாம், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கும் எடுக்கலாம். வேலை அப்படியே இருக்கும். அந்த மதில் சுவருக்கு வெளியே உள்ள தனியார் பள்ளி ஆசிரியைக்கோ ஜவுளிக்கடைக் கணக்கருக்கோ பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைய சம்பளம் போகும். நாலாவது தடவை கேட்டால் வேலையும் போகும். இரண்டு பேரும் அதே கல்லூரியில், அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களாகக்கூட இருக்கலாம்.

செம்பருத்திச் சாறு

எனக்குத் தெரிந்த ஒரு பெண். வேதியியல் படித்தவர், பி.எட். முடித்தவர், எட்டு வருட இடைவெளி. பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனார். "இவ்வளவு வருஷம் வீட்ல சும்மாதான் இருந்தீங்களா?" என்பது முதல் கேள்வி. அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். அமிலமும் காரமும் பாடம். கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தார். செம்பருத்திப் பூவை வெந்நீரில் போட்டு வடித்த சாறு. பிள்ளைகளில் ஒருவனைக் கூப்பிட்டு அதில் எலுமிச்சை பிழியச் சொன்னார். அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறியது. இன்னொரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் விடச் சொன்னார். பச்சையாக மாறியது. வகுப்பு முழுக்க எழுந்து மேசையைச் சுற்றி நின்றுவிட்டது. அந்தச் சோதனையை அவர் வீட்டு அடுப்படியில் தன் பிள்ளைகளுக்குச் செய்து காட்டிப் பழகியவர். எந்த இடத்தில் பிள்ளைகளுக்குக் கவனம் சிதறும், எந்த இடத்தில் கேள்வி வரும் என்பது அவருக்கு அத்துப்படி.

வேலை தருகிறோம் என்றார்கள். கூடவே, மாலை ஆறு மணிவரை சிறப்பு வகுப்பு எடுக்க வேண்டும் என்றார்கள். அவருடைய சின்னப் பிள்ளை ஒன்றாம் வகுப்பு. மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து மாடிப்படி ஏறக் கூடாது. கணவருக்குத் திருச்சியில் வேலை, இரவு எட்டரைக்கு வீடு. அவர் அந்த வேலையில் சேரவில்லை. தகுதியில்லை என்று யாரும் சொல்லவில்லை என்பதுதான் இதில் மனதை அறுக்கிறது.

2023-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்கப் பெண்களின் 200 ஆண்டு உழைப்பு வரலாற்றை ஆராய்ந்து சொன்னதும் ஏறக்குறைய இதுதான். படிப்பில் பெண்கள் ஆண்களை எட்டிவிட்டார்கள், தாண்டியும் விட்டார்கள். இன்று சம்பளத்தில் மிஞ்சியிருக்கும் வித்தியாசத்தின் பெரும்பகுதி முதல் குழந்தை பிறந்த பிறகு தொடங்குகிறது. கூப்பிட்ட நேரத்துக்கு வருபவருக்கும், எவ்வளவு நேரமானாலும் இருப்பவருக்கும் அள்ளிக் கொடுக்கும் வேலைகளில் பிள்ளை உள்ள பெண் பின்தங்கிப் போகிறாள். அவர் அதில் குறிப்பாகக் காட்டியது வங்கியாளர்களையும் வழக்கறிஞர்களையும் போன்றவர்களை. நம் ஊரில் மாதச் சம்பளத்தை வெளியே சொல்லக் கூச்சப்படும் வேலைகளிலும் அதே நிபந்தனை இருக்கிறது என்பது கூடுதல் கொடுமை.

வீட்டுக்குள் பார்த்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு அதில் செலவிடுவது 289 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். பெண்களின் வேலைப் பங்கேற்பு 2017-18-ல் 23.3 சதவீதமாக இருந்தது 2023-24-ல் 41.7 ஆகியிருக்கிறது என்று அரசு சொல்கிறது. உண்மைதான். அந்த உயர்வில் பெரும்பங்கு கிராமங்களில் சுயதொழிலிலும் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாத உதவியிலும் வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும்.

அப்பத்தா இருக்கிறாரே

"அதான் வீட்ல பெரியவங்க இருக்காங்களே" என்பது இந்த ஊரில் சுலபமாகக் கிடைக்கும் பதில். பெரிய வீடு, வளவில் ஓடியாட இடம், அப்பத்தாவோ ஆயாவோ (அம்மாவின் அம்மா) பார்த்துக்கொள்வார்கள். பல பெண்கள் அந்தத் தயவில்தான் வேலைக்குப் போகிறார்கள், அதை மறுக்கவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் வேலையை விட்டுவிட்டு, ஆயா வீடு இருக்கிறது என்ற ஒரே தைரியத்தில் காரைக்குடிக்குக் குடும்பத்தோடு வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த அம்மாள் ஏற்கெனவே ஒரு தலைமுறையை வளர்த்து ஆளாக்கியவர். 65 வயதில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டாம் தடவையும் பிள்ளைக்குப் பின்னால் ஓடுகிறார். அவர் மனதார ஆசைப்பட்டுச் செய்தால் சந்தோஷம். வேறு வழியில்லாமல் செய்தால் ஒரு பெண்ணின் சுமையை இன்னொரு பெண்ணின் தலைக்கு மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.

அடுத்த சுலபமான யோசனை, "வீட்டிலிருந்தே பலகாரம் போட்டுக் கொடுக்கலாமே!" காரைக்குடி சீப்புச் சீடைக்கும் கைமுறுக்குக்கும் தேன்குழலுக்கும் கடல் தாண்டியும் கிராக்கி உண்டு. அந்தத் தொழிலில் உயர்ந்த பெண்களை நான் மதிக்கிறேன். 'தி பங்களா' விடுதியை 1999-ல் திறந்து செட்டிநாட்டு விருந்தோம்பலை உலகம் அறியச் செய்த மீனாட்சி மெய்யப்பனும், எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளையை 2000-ல் தொடங்கி, அழியவிருந்த பனையோலைக் கொட்டான் முடையும் கலைக்கு உயிர் கொடுத்துக் கிராமத்துப் பெண்கள் கையில் வருமானம் சேர்த்த விசாலாட்சி ராமசாமியும் இந்த மண்ணின் பெருமைகள். ஆனால் மின்கலத்தில் ஆராய்ச்சி செய்ய ஆசைப்பட்டுப் படித்தவளிடம் முறுக்குச் சுடச் சொல்வது அவள் கேள்விக்குப் பதிலாகாது. முறுக்குச் சுற்றுவதும் பெரிய வித்தைதான், பத்து வருடப் பழக்கம் வேண்டும். அதைப் பொழுதுபோக்காக நினைத்துச் சொல்பவர்கள் இரண்டு தொழிலையும் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

திறந்த கதவுகள்

நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2017-ல் மகப்பேறு விடுப்பை மத்தியச் சட்டம் 26 வாரமாக உயர்த்தியது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். அந்த விடுப்புக் காலத்தைத் தகுதிகாண் பருவத்தோடு சேர்த்துக் கணக்கிடுவோம் என்று 2025 ஏப்ரலில் அரசு அறிவித்தது. ஒரு வரி உத்தரவுதான். அதற்கு முன் பிள்ளை பெற்ற ஒரே காரணத்தால் தன்னோடு சேர்ந்தவர்களைவிடப் பணிமூப்பில் பின்னுக்குப் போன பெண்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். மகப்பேறு விடுப்பு முடிந்து வரும் பெண் போலீசார் மூன்று ஆண்டுகள் பெற்றோரோ கணவர் குடும்பமோ இருக்கும் மாவட்டத்தில் பணியாற்றலாம் என்று 2024 ஆகஸ்டில் முதல்வர் அறிவித்ததை நான் இன்னும் உயர்வாக வைப்பேன். யாரோ ஒருவர் உட்கார்ந்து, பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று யோசித்துப் போட்ட உத்தரவு அது.

ஆசிரியப் பணிக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள் முக்கியம். ஆசிரியர் தகுதித் தேர்வுச் சான்றிதழ் முன்பு 7 ஆண்டுக்குத்தான் செல்லும். இரண்டு பிள்ளை வளர்ப்பதற்குள் அது காலாவதியாகிவிடும். 2021-ல் அதை ஆயுள் முழுவதும் செல்லும் என்று மாற்றினார்கள், 2011-லிருந்து தேர்ச்சி பெற்றவர்களுக்கும் சேர்த்து. ஆசிரியர் நேரடி நியமனத்துக்கு இடையில் 40 வரை இறக்கப்பட்ட வயது வரம்பு, 2023-ல் பொதுப் பிரிவினருக்கு 53, மற்றவர்களுக்கு 58 என உயர்த்தப்பட்டது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் பதிவு மூப்பு போய்விடும். குழந்தைக்குத் தடுப்பூசித் தேதியை மறக்காத அம்மாக்கள் தங்கள் பதிவுத் தேதியை மறந்துவிடுகிறார்கள். பிள்ளை பிறந்த வீட்டில் கணவன்மார் இந்த ஒரு தேதியையாவது தங்கள் போனில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

அறிவியல் படித்தவர்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் பெண் விஞ்ஞானிகள் திட்டம் 2002-03-லிருந்தே இருக்கிறது. குடும்பத்துக்காக ஆராய்ச்சியை விட்டவர்கள் திரும்பி வருவதற்கென்றே போட்ட திட்டம். இப்போது 'வைஸ்-கிரண்' என்ற பெயரில் விரிந்திருக்கிறது. சொந்தமாக ஓர் ஆய்வுத் திட்டம் எழுதி, ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஒப்புதலோடு விண்ணப்பிக்க வேண்டும். ஆய்வு நிறுவனமும் பல்கலைக்கழகமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் காரைக்குடிப் பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. பட்டம் வாங்கிப் போன மாணவிகளுக்கு நம் கல்லூரிகள் பழைய மாணவர் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்புகின்றன. அந்தக் கவருக்குள் இந்தத் திட்டத்தின் விண்ணப்ப விவரத்தையும் சேர்த்து வைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

தனியார் துறையிலும் முயற்சிகள் உண்டு. குழந்தைக்காக வங்கி வேலையை விட்ட அனுபவமுள்ள சௌந்தர்யா ராஜேஷ், இடைவெளி விட்ட பெண்களுக்காகவே 2005-ல் சென்னையில் 'அவதார்' மூலம் ஒரு தளத்தைத் தொடங்கினார். டாடா குழுமம் 2008-ல் அத்தகையவர்களுக்குப் பயிற்சிப் பணித் திட்டம் கொண்டுவந்தது. ஸோஹோ 2022-ல் 'மறுபடி' என்ற பெயரிலேயே மூன்று மாதப் பயிற்சியைத் தொடங்கியது. குறைந்தது இரண்டு ஆண்டு இடைவெளி இருப்பதே அதற்குத் தகுதி! இடைவெளியைத் தகுதியாக எழுதிய விளம்பரத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் பெரும்பாலும் இவையெல்லாம் பெருநகரத்து ஏற்பாடுகள். விடியுமுன் பல்லவன் ரயிலைப் பிடித்து 400 கிலோமீட்டர் போய் மூன்று மாதம் சென்னையில் தங்குவதென்றால், இரண்டு மணி நேரப் பிரச்சினை இருபத்துநாலு மணி நேரப் பிரச்சினையாகிவிடும்.

காலை சரி, மாலை?

நம் மாநிலத்தில் பிள்ளைகளின் காலைப் பொழுதை அரசு கையில் எடுத்துக்கொண்டது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போய், அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. காலையில் இட்லி ஊற்றாமல் ஏழரை பஸ்ஸைப் பிடிக்கலாம் என்பது ஒரு தாய்க்கு எவ்வளவு பெரிய விடுதலை! அந்த பஸ் சாதாரண டவுன் பஸ்ஸாக இருந்தால் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. காலையும் பயணமும் சரியாகிவிட்டன. மாலை மட்டும் அநாதையாக நிற்கிறது. தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு மாலையோடு காலையும் சேர்ந்து அவர்கள் பாடு.

மற்ற நாடுகள் இந்த இடத்தில் என்ன செய்கின்றன? ஜப்பானில் சின்னக் குழந்தைகளின் காப்பகங்கள் மாலைவரை இருக்கும். பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் பள்ளி சீக்கிரம் விட்டுவிடும். அந்த ஆண்டில்தான் பல தாய்மார் வேலையை விடுகிறார்கள் என்று கண்டுகொண்டு, பள்ளி விட்ட பின் பிள்ளைகள் இருப்பதற்கென்று ஊர்தோறும் மன்றங்கள் நடத்துகிறார்கள். 15 லட்சம் பிள்ளைகளுக்கு மேல் அவற்றில் இருக்கிறார்கள். ஜெர்மனி இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது: 2026 ஆகஸ்ட் முதல் ஒன்றாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேலை நாளில், வகுப்பு நேரத்தையும் சேர்த்து, எட்டு மணி நேரப் பராமரிப்பு உரிமை. அடுத்தடுத்த ஆண்டுகளில் நாலாம் வகுப்பு வரை அது விரியும்.

நமக்கு முடியாதா? முடியும் என்பதை நாமே காட்டியிருக்கிறோம். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததால் வந்த கற்றல் இழப்பைச் சரிசெய்ய 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. தினமும் மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள், பிள்ளைகள் குடியிருக்கும் தெருவிலேயே, இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் முன்வந்தார்கள். மிகப் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் பட்டம் வாங்கி வீட்டில் இருந்தவர்கள் பலர். மாதம் 1000 ரூபாய்தான். அந்த ஆயிரம் ரூபாயை, கல்யாணத்துக்குப் பிறகு தன் பெயரில் வந்த முதல் பணம் என்று சொன்னவர்களை நான் அறிவேன். திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகள் மாலையில் பத்திரமாக உட்கார்ந்து கதை கேட்டதை அந்த வருடங்களில் எல்லாரும் பார்த்தோம்.

ஒவ்வொரு தெருவிலும் படித்த ஒரு பெண் இருக்கிறாள். ஒவ்வொரு தெருவிலும் நாலு மணிக்குப் பிறகு போக இடமில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். செட்டிநாட்டில் கூடுதலாக ஒன்று இருக்கிறது: ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான வீடுகள், வளவும் முற்றமும் கழிவறையும் கிணறுமாக. நாலிலிருந்து ஆறரை வரை ஒரு மாலைக் கூடம் நடத்த இதற்கு மேல் என்ன வேண்டும்? மாநகராட்சி இடத்தைப் பார்த்துப் பாதுகாப்புச் சான்று கொடுக்கட்டும். நடத்தும் பெண்களுக்குத் தன்னார்வலர் என்று பெயர் வைத்து ஆயிரத்தோடு நிறுத்தாமல் முறையான சம்பளம் கொடுக்கட்டும். அதை வேலை அனுபவமாகச் சான்றிதழில் எழுதட்டும். ஒரு பெண் மறுபடி வேலைக்கு வருவாள், இருபது பெண்களுக்கு வேலைக்குப் போக வழி பிறக்கும். வீட்டு உரிமையாளர்களான நகரத்தார் குடும்பங்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கும் அள்ளிக் கொடுத்த குடும்பங்கள் அவை. இதைப் பற்றி அவர்களிடம் கேட்டவர் யாரும் இல்லை என்றே நினைக்கிறேன். இப்போது கேட்கிறேன்.

இன்னொரு கோரிக்கை, இன்னும் அவசரமானது. காரைக்குடி 2024-ல் மாநகராட்சியாகிவிட்டது. கழனிவாசலுக்குக் கணினி நிறுவனங்களுக்கான மினி டைடல் பூங்கா கிடைத்திருக்கிறது. இந்த ஊர்ப் பெண்கள் பல்லவன் ஏறாமலே கணினித் துறைக்குத் திரும்புவதற்கான முதல் பெரிய வாய்ப்பு இது. 50 ஊழியர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்று அதே 2017 மகப்பேறுச் சட்டத்திருத்தம் சொன்னது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி தொடர்கிறது. ஆனால் இதுபோன்ற பூங்காவில் இடம் எடுக்கப் போவது பெரும்பாலும் இருபது பேர், முப்பது பேர் வேலை பார்க்கும் சின்ன நிறுவனங்கள். தனித்தனியாக எண்ணினால் யாருக்கும் அந்தக் கடமை வராது. கட்டடத்துக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் வேலை பார்ப்பார்கள், காப்பகம் மட்டும் இருக்காது. பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாக ஒரு காப்பகம் வைத்துக்கொள்ள அதே சட்டம் இடம் தருகிறது. அதனால் பூங்காவை நடத்துபவர்களே தரைத்தளத்தில் ஓர் அறையை ஒதுக்கி, அதை வாடகை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாக எழுத வேண்டும். கைக்குழந்தைகளுக்கு மட்டுமல்லாமல், நாலேகாலுக்குப் பள்ளிப் பையோடு வந்து இறங்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து அந்த அறையைத் திட்டமிட வேண்டும். சிவகங்கை மாவட்ட ஆட்சியரும், காரைக்குடி சட்டமன்ற உறுப்பினரும், மாநகராட்சி மன்றமும் டைடல் நிறுவனத்துக்கு இதை எழுத்தில் கேட்க வேண்டும். நிறுவனங்கள் குடிவந்து சுவர்கள் எழுப்பிய பிறகு கேட்டால், இடமில்லை என்ற பதில்தான் வரும்.